என் முட்டிக்காக வந்த மலை ரயில்

எங்கள் தெருமுனையில் ஒருநாள் பேனர் கட்டினார்கள். அதில் ஒரு ரயில் பெட்டி, ஜன்னலில் வெள்ளைத் தலையோடு ஒரு கிழவி. வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். ‘முதியோரும் மூட்டுவலி உள்ளவர்களும் இனி எளிதாக மலையேறலாம்’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் தெருவில் மூட்டுவலிக்குப் பேர்போனவள் நான்தான். காய்கறி வண்டிக்காரர், இஸ்திரிக் கடைக்காரர், எதிர்வீட்டம்மா என்று ஆளாளுக்கு என்னை நிறுத்தி, “உங்களுக்காகத்தான் ரயில் விடறாங்களாமே” என்று சிரித்தார்கள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அந்தப் பேனரைத் தாண்டிக் கொஞ்சதூரம் போனால் எங்கள் ரயில் நிலையம். தாம்பரம் போகவும் பீச் போகவும் மின்சார ரயில் நிற்கும் சின்ன நிலையம்தான். அங்கே ஒரு நகரும் படிக்கட்டு இருக்கிறது. திறந்துவைத்த வருடம் நகர்ந்தது. அப்புறம் அதன் வாயில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார்கள். இப்போது மேல்படியில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால், நான் வாரா வாரம் பக்கத்துப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து, ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். அந்த நாயைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும். சுரங்கப்பாதையைக் கேட்கவே வேண்டாம், தூறல் போட்டாலே இடுப்பளவு சாக்கடை. தெருவில் பாதாளச் சாக்கடைக்கு என்று தோண்டிய பள்ளம் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கேட்டால் நிதி இல்லை என்பார்கள். மலைமேல் ரயில் விட மட்டும் எங்கிருந்தோ நிதி வந்துவிட்டது. அதுவும் என் முட்டியின் பெயரைச் சொல்லி.

எங்கள் மலை ஒன்றும் பெரிய மலை இல்லை. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, விமானங்கள் தாழ்வாகப் பறக்கும் இடத்தில், பாறையும் முள்ளுமாக நிற்கும் ஒரு குன்று. பின்பக்கத்தைக் கல்குவாரிக்காரர்கள் எப்போதோ தின்று முடித்துவிட்டுப் போனார்கள். உச்சியில் முருகன் உட்கார்ந்திருப்பதால் முன்பக்கம் தப்பியது. பாதிவழியில், பாறை இடுக்கில் ஒரு சுனை. சித்திரை வெயிலிலும் அது வற்றி நான் பார்த்ததில்லை. சுற்றிலும் ஆலும் இச்சியும் பாறையைக் கவ்விக்கொண்டு நின்றன. மயில் வரும், கீரி ஓடும், அசந்தால் உடும்பு கண்ணில் படும். மழை பெய்தால் மலைமேல் விழுகிற தண்ணீரெல்லாம் ஓர் ஓடையாகச் சேர்ந்து எங்கள் ஏரிக்கு இறங்கும். ஏரியில் தண்ணீர் நின்றால் எங்கள் கிணறுகளில் ஊறும். இல்லாவிட்டால் தண்ணீர் லாரிக்காரரின் காலில் விழ வேண்டும்.

வார்டு அலுவலகத்தின் சுவரில் மலை ரயிலின் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். நான் நாற்பது வருடத்துக்குக் குறையாமல் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு அடித்துக் குப்பை கொட்டியவள். அரசாங்க வரைபடத்தைப் பார்த்தால் மிரள மாட்டேன். கீழ் ஸ்டேஷன், அதை ஒட்டிக் கார் நிறுத்துமிடம், கடைகள். எல்லாம் ஓடையின் மேல். தண்டவாளம் நேராக மேலே போய்ச் சுனையை உரசிக்கொண்டு திரும்புகிறது. சுனை இருக்கிற அதே பாறையில்தான் தூண். நீலக்கோடாக வரைந்திருந்த ஓடையை ஸ்டேஷன் வந்த இடத்தில் ரப்பர் போட்டு அழித்தது மாதிரி விட்டிருந்தார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்த ஊரின் பழைய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகி, இப்போது அண்ணன் வாடகை வாங்குகிறார். பம்மல் போகிற சாலையில் ஜல்லியும் மணலும் சிமெண்டும் விற்கிறார். கோயில் காரியம், ஊர்க் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பது அவர்தான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இருந்தாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

நான் சொன்னதைக் கேட்டதும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“இன்னா பாப்பா சொல்ற? சொனைல கை வெப்பானுங்களா? நம்ம வூட்டாளுங்க உயிரோட கீற வரைக்கும் ஒரு கல்லு நகராது. கூட்டம் போடறானுங்க இல்ல, வரட்டும். உண்டு இல்லன்னு பண்ணிடலாம்.”

அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

சட்டப்படி மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் மலையில் கை வைக்க வேண்டும். அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுதான் எங்களுக்கு இருந்த வழி. அங்கே எதிர்ப்பு பலமாக எழுந்தால் வரைபடத்தையாவது மாற்றுவார்கள் என்று நம்பினோம். முந்தின வாரம் என் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் தெருப் பெண்கள் கூடினார்கள். நான்தான் பேச வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். “நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, உங்களுக்குத்தான் கோர்வையா வரும்” என்றார் எதிர்வீட்டம்மா. சுனை, ஓடை, ஏரி, நிலையத்தில் நகராத படிக்கட்டு, நான்கையும் பேசுவது என்று முடிவுசெய்தோம். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் பேசிப் பழகினேன். இட்லிக்கு அரைக்கும்போது கிரைண்டரைப் பார்த்து, “அதிகாரி அவர்களே” என்று நான் ஆரம்பித்ததைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். அதிகாரி என்று யார் வந்தாலும் இவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மரியாதை செய்தாக வேண்டும். கரண்ட் கனெக்ஷனைப் பிடுங்க வந்தவருக்கே சால்வை போர்த்தி, இளநீர் வெட்டிக் கொடுத்தவர்கள். கொஞ்சம் பெரிய அதிகாரி என்றால் பரிவட்டம். முருகனுக்குச் சாத்திய பட்டுத்துணியை எடுத்து, வந்தவர் தலையில் கட்டுவது. கட்டுகிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு, அதாவது அண்ணனுக்கு. அதோடு ஓர் ஊர்க்கட்டும் உண்டு. பரிவட்டம் ஒருவர் தலையில் இருக்கும்வரை அவரை எதிர்த்து ஊரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திருவிழாவில் பங்காளிகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க எந்தக் காலத்திலோ போட்ட கட்டு. சாதாரணமாக, கட்டிய கொஞ்ச நேரத்தில் அவரவரே அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை.

கூட்டம் மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்காலி போதாமல் ஜனம் நின்றது. பெண்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் மூன்று வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இனிமையான முகம். அவர் உட்கார்ந்ததும் அண்ணன் கையில் தாம்பாளத்தோடு மேடை ஏறினார். சண்டை போட வந்த இடத்தில் தாம்பாளம் எதற்கு என்று நான் எழுவதற்குள், மாலை போட்டு, அந்தச் சிவப்புப் பட்டை அதிகாரியின் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஜனம் கைதட்டியது. எதிர்க்க வந்த ஜனம்தான். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள்.

அத்தோடு விட்டாரா? மைக்கைப் பிடித்தார்.

“சார், இத்த சாதாரணமா நெனைக்காதீங்க. எங்க முருகனோட பரிவட்டம். இது உங்க தலைல கீற வரைக்கும் எங்க ஊர்ல ஒருத்தன் உங்கள எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவ்ளோ மரியாத சார் இதுக்கு!”

பெருமை தாங்காமல்தான் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இருந்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அதிகாரி சிரித்தார். கையை உயர்த்திப் பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். அவிழ்ப்பார் என்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அந்த மண்டபத்தில் மின்விசிறி பெயருக்குத்தான் சுற்றியது. பட்டுத்துணியின் சாயம் வேர்வையில் கரைந்து அவருடைய நெற்றியில் சிவப்பாக வழிந்தது. பக்கத்தில் இருந்த உதவியாளர் கைக்குட்டையை நீட்டி, துணியைக் கழற்ற இரண்டு தடவை கை கொண்டுபோனார். இரண்டு தடவையும் அதிகாரி விலக்கிவிட்டார். வெள்ளைச் சட்டையின் காலர் சிவப்பாகியது. மனிதர் அசையவில்லை. திரையில் படம் காட்டினார்கள். மலைமேல் பூங்கா, செல்ஃபி எடுக்க ஒரு மேடை, ஐஸ்கிரீம் கடை. செலவு முழுவதும் அரசு ஏற்கும், ஊருக்குப் பைசா செலவில்லை என்றார். அரசு எந்த வயலில் அறுவடை செய்து அந்தப் பணத்தைக் கொண்டுவருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

“யாராவது கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா?” என்றார். மண்டபம் கல்லாக உட்கார்ந்திருந்தது. மேடையில் அண்ணனைப் பார்த்தேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருந்தது. முகம் சுண்டி, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், “சார், அவுத்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் முன்னால் கட்டிய கையால் அவிழ்க்கச் சொல்ல அவருடைய கௌரவம் விடவில்லை.

நான் எழுந்தேன். பின்னாலிருந்து யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு மைக் இருந்த இடத்துக்குப் போனேன்.

“சார், கீழ் ஸ்டேஷன் வர்ற எடத்துல ஒரு ஓடை இருக்கு. அதுல வர்ற தண்ணிதான் எங்க கெணத்துல இருக்கு. அத மூடிட்டா நாங்க எதக் குடிக்கறது?”

“பாப்பா, உக்காரு!” என்று மேடையிலிருந்து அண்ணன் கத்தினார். “பரிவட்டம் கீதுல்ல?”

“இருக்கட்டும். அது துணி. நான் தண்ணியப் பத்திக் கேக்கறேன்” என்றேன்.

மண்டபம் இரைந்தது. எனக்கு ஆதரவாக இல்லை. “இன்னா பொம்பள இது”, “சாமி குத்தம் ஆயிடும்” என்று நாலாபக்கமும் குரல். என் கார் நிறுத்தும் இடத்தில் டீ குடித்துவிட்டுப் போன பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடாமல் சுனையைச் சொன்னேன், மரங்களைச் சொன்னேன். நிலையத்தில் நகராத படிக்கட்டைச் சொல்ல ஆரம்பித்தபோது மைக்கை அணைத்துவிட்டார்கள். தொண்டை கிழியப் பேசினேன், முன்வரிசைக்கே கேட்டிருக்காது. அதிகாரி பொறுமையாக, முழுக்கக் கேட்பவர்போலத் தலையாட்டினார். முடித்ததும் தன் மைக்கை எடுத்தார்.

“அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னாங்க. பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டு நடந்து வந்து பேசறாங்க. இவங்கள மாதிரி இருக்கறவங்களுக்காகத்தாம்மா இந்தத் திட்டமே.”

அதற்கும் கைதட்டல். எனக்குக் குமட்டியது. மெய்யாகவே வெளியே போய்ச் செருப்பு விடுகிற இடத்தில் வாந்தி எடுத்தேன். எதிர்வீட்டம்மா தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். “கட்டு இருக்கும்போது எப்படிங்க பேசறது” என்றார். நான் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். எதிர்ப்பு ஏதும் இல்லை, ஊரே வரவேற்றது என்று மறுநாள் செய்தி வந்தது. சிவப்புப் பரிவட்டத்தோடு அதிகாரி, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அண்ணன். நல்ல பளிச்சென்ற போட்டோ.

வேலை ஆரம்பித்தார்கள். முதலில் மரங்கள். இச்சி மரம் பாறையை விட்டு வரவில்லை, சங்கிலி போட்டு இழுத்தார்கள். மயில்கள் சில நாள் எங்கள் மொட்டை மாடிகளில் வந்து கத்தின. அப்புறம் காணோம். பிறகு ஓடையில் மண் கொட்டினார்கள். கொட்டிய மண்ணின்மேல் ஜல்லி. ஜல்லி லாரியின் நெற்றியில் எங்கள் குலதெய்வத்தின் பெயர் எழுதியிருந்தது. அண்ணன் கடை லாரி.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டேன். “ஏண்ணா, உனக்கு வெக்கமா இல்லயா?”

“நான் குடுக்கலன்னா படப்பைலேர்ந்து எவனோ குடுக்கப் போறான். வர்றத வேணான்னு சொல்லச் சொல்றியா?” என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. “நீ அன்னிக்கி வாயத் தொறந்ததுலயே ஊர்ல எனக்குத் தலைகுனிவு. அத்தயே நான் பொறுத்துகினு கீறேன்.”

தப்பு செய்தவர் பொறுத்துக்கொண்டிருக்கிறாராம். அதற்கப்புறம் அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

சுனைப் பாறையில் தூணுக்குத் துளை போட்டார்கள். வீட்டு ஜன்னல் அதிரும். சில வாரம் சிமெண்டுப் பால் கலந்து சுனை வெள்ளையாகக் கிடந்தது என்று மேலே போய் வந்தவர்கள் சொன்னார்கள். அப்புறம் பாறைக்குள் எங்கேயோ விரிசல் விட்டு, தண்ணீர் இறங்கிப்போய்விட்டது. ஐப்பசியில் நல்ல மழை. மலைத் தண்ணீர் ஓடையைத் தேடி வந்து, ஓடை இல்லாமல் எங்கள் தெருவுக்குள் புகுந்தது. தோண்டிப் போட்ட பாதாளச் சாக்கடைப் பள்ளத்தோடு கலந்து, மொத்தமும் கிணற்றில் இறங்கியது. என் கிணற்று நீரை முகத்தருகே கொண்டுபோக முடியவில்லை. அன்றிலிருந்து குடிக்கச் சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான்.

அதே மழைக்காலத்தில் வேலை நின்றது. நிதி வரவில்லையாம். முதலில் போட்ட மதிப்பீடு போதவில்லை, திருத்திய மதிப்பீடு மேலே போயிருக்கிறது, ஒப்புதல் வந்ததும் தொடங்கும் என்றார்கள். அப்புறம் அப்படிச் சொல்லவும் ஆளில்லை. மலையின் முன்பக்கம் முழுக்கச் செம்மண் தெரிய உரிந்து கிடக்கிறது. நடுவில் கம்பி நீட்டிக்கொண்டு தூண்கள். கீழ் ஸ்டேஷன் சுவர்களுக்கு நடுவே ராத்திரியில் குடிக்கிறார்கள். ரயில் வந்து ஓடியிருந்தால்கூட, போகட்டும் நாலு கிழங்கள் சாமி பார்க்கின்றன என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஓடை போயிற்று, சுனை போயிற்று, மரம் போயிற்று, பணமும் போயிற்று, ரயிலும் இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை வந்தது. உச்சியில் தீபம் ஏற்றுவது எங்கள் குடும்பத்தின் வேலை. பேசுகிறேனோ இல்லையோ, போகாமல் இருக்க முடியாது. மத்தியானமே கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். சுனை இருந்த இடத்தில் நின்றேன். வறண்ட குழியில் பான்பராக் கவர்களும் ஒரு பழைய ஹெல்மெட்டும் கிடந்தன. அந்தக் குழியைப் பார்க்கப் பார்க்க, ஒரு மனிதர் தலைத்துணியை அவிழ்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள் நின்றது, ஓர் ஊர் கைதட்டியது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்திருக்க நேரமாகியது.

தீபம் ஏற்றும் முன் முருகனுக்கு அபிஷேகம். எத்தனை தலைமுறையாகவோ சுனைத் தண்ணீரில்தான் நடந்தது. நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் கடையில் மூட்டை தூக்குகிற ஆள் தோளில் ஒரு நீல நிறத் தண்ணீர்க் கேனோடு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். அண்ணன் அதை வாங்கிக் கீழே வைத்து, மூடியை ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்தார். குடத்தில் கவிழ்த்தார். குருக்கள் மந்திரத்தை ஆரம்பித்தார். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அபிஷேகம் முடிந்து, தீர்த்தப் பாத்திரத்தோடு அண்ணன் ஒவ்வொருவராக வந்தார். தீர்த்தம் கொடுப்பதும் எங்கள் குடும்பத்து உரிமைதான். என் முன்னால் வந்து நின்றார். மாதக்கணக்கில் இல்லாத பேச்சு. இளைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் இளகியது உண்மை.

“அடுத்த வருசம் இந்த பேஜாரெல்லாம் இருக்காது பாப்பா,” என்றார் தாழ்ந்த குரலில். “ஏரில மோட்டார் போட்டு, பைப்புல சொனைக்குத் தண்ணி ஏத்திடலாம்னு பேசிகினு கீறோம். நம்மளுக்கு ஒரு செலவும் இல்ல, எல்லாம் கவர்மெண்டு பணம்தான். நீயும் ஒரு வார்த்த நல்லா பேசினா சீக்கிரம் முடியும்.”

இளகியது அப்படியே உறைந்துபோனது. அவர் கரண்டியில் தண்ணீரை எடுத்து நீட்டினார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கையை நீட்டவில்லை.

“வாங்கிக்கோ பாப்பா, தீர்த்தம்.”

“வேணாண்ணா,” என்றேன். “வீட்டுலயும் இதே கேன்தான்.”